கட்டினால் போதும்

கிரெடிட் கார்டு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கற்றுத்தர ஒன்றும் மிச்சமில்லை. விண்ணப்பத்தை எப்படி ஏற்றுவது, எந்தத் திரையில் எதைத் தட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற அன்றுகூடக் கடவுச்சொல்லை மறந்து பக்கத்து மேசையைக் கூப்பிட்டவள் நான். ஆனால் முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருடம் தருமபுரிக் கிளையில் இதே கார்டு மேசை. அங்கே உட்கார்ந்து நான் செய்த தவறு ஒன்று உண்டு. எந்தத் தணிக்கையிலும் அகப்படாத தவறு அது. ஒரே ஒரு சொல்லால் செய்தது. இன்று காலையிலிருந்து நீங்களும் அந்தச் சொல்லை நாலைந்து முறையாவது சொல்லியிருப்பீர்கள்.

மாதப்பன் என்று ஒரு வாடிக்கையாளர். அரசு பஸ் கண்டக்டர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏரியூர் போகிற வண்டி அவருடையது. ஊரும் ஏரியூர்ப் பக்கம்தான். ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் பேச்சு. சம்பளக் கணக்கு எங்கள் கிளையில் இருந்தது. வார ஓய்வு நாளில் வந்து பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து, அங்கேயே நின்றபடி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை ஏதோ கட்டணம் என்று பதினெட்டு ரூபாய் பிடித்துவிட்டோம். அது எதற்கென்று கேட்டு மூன்று வாரம் வந்தார். அவர் தலை வாசலில் தெரிந்தால் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு உடனே தாகம் எடுத்துவிடும், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

ஒரு மார்ச் மாதம் என் இலக்குக்கு மூன்று கார்டு குறைந்தது. மார்ச் மாதம் நமக்கெல்லாம் கண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதப்பன் பாஸ்புக்கோடு வந்து நின்றார். அரசுச் சம்பளம், ஒரு கடனும் இல்லை, ஒரு காசோலையும் திரும்பியதில்லை. நான் அவரை உட்காரச் சொன்னேன். அந்தக் கிளையில் யாரும் அவரை அதுவரை உட்காரச் சொன்னதில்லை. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இது கடனுங்களா மேடம்?" என்று கேட்டார். "எங்க வூட்ல கடன்னா ஒத்துக்க மாட்டாங்க. மளிகைக் கடையிலகூடப் பாக்கி வெக்கறதில்லீங்க. உப்புத் தீந்து கையில காசு இல்லைன்னா, அன்னைக்கு உப்பில்லாமத் தின்னுக்குவோம்."

"கடன் இல்லீங்க, கார்டு," என்றேன். "அம்பது நாள் வரைக்கும் வட்டியே கிடையாது."

இரண்டு வாக்கியம். முதலாவது கடனுக்கே வேறு பெயர் சொன்னது. இரண்டாவது உண்மைதான், கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டினால். ஆனால் அவர் காதில் 'வட்டியே கிடையாது' மட்டும்தான் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதைக் கடைசியில் வைத்தேன். மின்னஞ்சல் முகவரி இல்லை என்றார். மேசையிலேயே ஒன்றை உருவாக்கிக் கொடுத்தோம். பில் வரப்போகிற அந்தப் பெட்டியின் கடவுச்சொல் அன்று மாலைக்குள் எங்கள் இருவருக்குமே மறந்துபோயிற்று.

அவருக்கு ஒரே மகள். சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், நாலு வருடப் படிப்பு. முதல் வருடக் கட்டணத்துக்கு அவர் சேர்த்து வைத்திருந்தது போனது. இரண்டாம் வருடத்துக்கு அறுபதாயிரம் ரூபாயைக் கல்லூரி அலுவலகத்தில் இந்தக் கார்டைத் தேய்த்துக் கட்டினார். அடுத்த மாதம் கிளைக்குப் போன் வந்தது. நல்ல கூட்டம், குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, என் எதிரே ஒருவர் நின்றுகொண்டே திட்டிக்கொண்டிருந்தார். மாதப்பன் பஸ் நிலையத்திலிருந்து பேசினார். பின்னால் ஊர்ப் பெயர்களைக் கூவுகிற சத்தம் கேட்டது.

"மேடம், மெசேஜ் வந்திருக்குதுங்க. ரெண்டு தொகை போட்டிருக்குது. மேல பெருசா ஒண்ணு, கீழ சின்னதா ஒண்ணு. எதைக் கட்டணுங்க?"

"கீழ இருக்குது பாருங்க, அதைக் கட்டினாப் போதும்."

"போதுங்களா மேடம்?"

"போதுங்க."

இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் சொன்னேன். அன்று சாயங்காலம் என் சொந்தக் கார்டுக்கும் பில் வந்திருந்தது. நான் பத்து வருடமாகக் கார்டு வைத்திருந்தவள். பெட்ரோல், மளிகை, கரண்ட் பில் எல்லாம் அதில்தான். ஒரு மாதம்கூட ஒரு ரூபாய் வட்டி கட்டியதில்லை; கெடு தேதிக்கு முன்பே மேலே இருக்கிற பெரிய தொகையைத் துடைத்துக் கட்டிவிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நான் அதையும் தலைகீழாகச் செய்தேன்: உபதேசத்தை எனக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டு, ஊருக்கு வேறொன்றைச் சொன்னேன்.

இதெல்லாம் அப்போது என் மனதில் ஓடியதாக நினைக்காதீர்கள். ஒன்றும் ஓடவில்லை. மாதப்பனை மறந்தேபோனேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, ஜூன் கடைசியில் ஒரு நாள், அவர் வந்தார். காக்கி இல்லை, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை நிறைய நீலம் மாம்பழம். பையை என் மேசையில் வைத்தார். சட்டை ஜோபியிலிருந்து கார்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"முடிஞ்சுதுங்க மேடம்," என்றார். "அறுபதாயிரம். இந்த மாசத்தோட சரியாயிருச்சு."

நோட்டைப் பார்த்தேன். இருபத்துமூன்று வரி. ஒவ்வொன்றிலும் தேதி, தொகை. ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. முதல் மாதம் மூவாயிரம். அதன்பிறகு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரியில் மட்டும் தொள்ளாயிரத்து ஐம்பது. கூட்டினால் அறுபதாயிரத்துக்கு அதுதான் மிச்சமாம், அதனால் அதை மட்டும் கட்டியிருக்கிறார்.

"பொண்ணுக்கு இது கடைசி வருசங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பத்தஞ்சாயிரம் கட்டணுமாம். இல்லைன்னா வகுப்புல ஒக்கார உட மாட்டாங்களாம். போன வருசம் ரெண்டு கறவ மாட்டையும் வித்துக் கட்டிட்டோம். இந்த வருசம் விக்க ஒண்ணும் இல்லீங்க. அதான் கார்டு காலியாயிருச்சே, மறுபடி இதுலயே கட்டிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

திரையில் அவர் கணக்கைத் திறந்தேன். பாக்கி நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே, கடைசி மாதம், பில்லில் கீழே வருகிற அந்தக் குறைந்தபட்சத் தொகையைவிடக் குறைவாகக் கட்டியதற்குத் தாமதக் கட்டணம்.

அறுபதாயிரம் கட்டியிருக்கிறார், அசலில் பதினாலாயிரம்கூடக் குறையவில்லை. மிச்சமெல்லாம் வட்டிக்கும், வட்டிக்கு மேல் வரிக்கும் போயிருக்கிறது. நம் தொழிலில் இது அதிசயம் இல்லை, தெரியும். தினம் பார்ப்பதுதான். ஆனால் நோட்டோடும் மாம்பழத்தோடும் எதிரே உட்கார்ந்து யாரும் அதை எனக்குக் காட்டியதில்லை.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் முதலில் நம்பவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன். பாஸ்புக்கில் வைக்கிற அதே விரலைத் திரையில் வைத்தார்.

"மேல வர்ற பெரிய நம்பரு?"

"அதுதாங்க பாக்கி."

"நான் அது கார்டோட லிமிட்டுன்னு நெனைச்சேங்க. மாசாமாசம் கொறையுதே, நம்மள நம்பாம லிமிட்டக் கொறைக்கறாங்களோன்னு." அவரே லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "வட்டியில்லாமக் குடுக்கற பேங்குன்னு டிப்போவுல பத்துப் பேருகிட்டச் சொல்லியிருக்கேங்க."

பக்கத்து மேசைப் பெண் என் பக்கம் சாய்ந்து, "ஃபார்ம்ல எல்லாம் இருக்கு மேடம், கையெழுத்துப் போட்டிருக்கார்," என்று மெல்லச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது. கையெழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க போதும்னீங்களே மேடம். ரெண்டு தரம் கேட்டேன்."

நான் திரையை மறுபடி என் பக்கம் திருப்பினேன்.

"பஸ்ஸுல டிக்கெட்டுக்கு ஒரு ரூபா ரெண்டு ரூபா கொறையுங்க. வயசானவங்க முந்தானைய அவுத்து அவுத்துத் தேடுவாங்க. நான் போதும்மா, உடுன்னு சொல்லிருவேன். ஆனா பையில கொறைய முடியாதுங்க, கணக்கு நேரா இருக்கணும். அந்த ரெண்டு ரூபாய என் ஜோபியில இருந்து எடுத்துத்தான் பையில போடுவேன். நான் போதும்னு சொன்னா மிச்சம் என்னுதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க போதும்னு சொன்னீங்க. மிச்சம் யாருதுங்க?"

எழுந்தார். நோட்டை எடுத்துக்கொண்டார். கார்டையும் மாம்பழத்தையும் எடுக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இந்த இடம் வரும். எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட எனக்கு வந்ததில்லை. முதலில் எனக்குத் தோன்றியது, கையெழுத்து இருக்கிறது, நாம் தப்பித்தோம் என்பதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் தோன்றியது. அதன்பிறகு தோன்றியது, சேமிப்பிலிருந்து ஒரு தொகையை எடுத்து அவர் கணக்கில் சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்பது. இது எனக்கு மிகவும் பெருந்தன்மையாகப் பட்டது. அந்தப் பெருந்தன்மையோடு மேனேஜர் அறைக்குள் போனேன்.

எங்கள் மேனேஜர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசுவார். முழுவதையும் கேட்டார்.

"உங்க கைக்காசைப் போட்டா அது தர்மம் மேடம். அவர் தர்மம் கேட்டு வந்தாரா?"

"இல்லை."

"அப்ப எழுதுங்க, மேலிடத்துக்கு. வட்டியைத் திருப்பச் சொல்லிக் கேளுங்க. ஆனா வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொண்டார்னு எழுதாதீங்க. அப்படி எழுதினா அது நேரா குப்பைக்குப் போகும். அதோட அது பொய். அவர் சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டார்? போதும்னா போதும்தானே?" பேனாவை மூடினார். "நான்தான் சொன்னேன்னு உங்க பேரைப் போட்டு எழுதினா, அது உங்க பேர்ல வரும். எழுதலைன்னா அவர் பேர்லயே இருக்கும். யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. கடைசி எட்டு மாதத்தில் ஒரு கறுப்புப் புள்ளி எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். ஆனால் கண்ணை மூடினால் அவர் திரையில் வைத்த விரல்தான் வந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக எழுதினேன். ஒரு பக்கம்தான். 'குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நான் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். போதும் என்று மறுபடியும் சொன்னேன்.' இந்த மூன்று வாக்கியத்தை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதனால் மாதப்பனுக்குப் போன் செய்து, சம்பளக் கணக்கின் பேரில் ஒரே கடன் போடலாம் என்றேன். கார்டு பாக்கியை அதில் அடைத்துவிட்டு, மகளின் கட்டணத்தையும் கட்டலாம். வட்டி கார்டில் நான்கில் ஒரு பங்குதான் வரும். அவர், "வூட்ல கேட்டுச் சொல்றேங்க," என்றார். அன்று மதியமே வந்தார். கூடவே அவர் மனைவி பச்சையம்மாளும் வந்தார்.

பச்சையம்மாள் நாற்காலியின் நுனியில் உட்காரவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முதலில் மேசைக்குக் கீழே நான் தள்ளி வைத்திருந்த பையைத்தான் பார்த்தார்.

"பழத்தத் தின்னலீங்களா? அழுவிப் போயிரும்ங்க. பழம் என்ன பண்ணுச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் வாடிக்கையாளர் முன்னால் அழுதது அன்று ஒருநாள்தான். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேலைக்கு வந்தார்.

"இந்தக் கடன் என்னைக்கு முடியுங்க?"

"இருபத்துநாலு தவணைங்க."

"தவணையக் கேக்கலீங்க. தேதியக் கேக்கறேன்."

எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, எப்போது கைக்கு வரும், இவ்வளவுதான் கேட்பார்கள். கணினியில் அட்டவணையைப் போட்டுப் பார்த்து, இரண்டு வருடம் கழித்து ஜூலை ஐந்தாம் தேதி என்றேன்.

"நாங்க கடன் வாங்கறதில்லீங்க," என்றார் பச்சையம்மாள். "கடன்னா கெட்டதுன்னு இல்ல. வெளிய போற வழி தெரியாத எடத்துக்குள்ள நான் போவ மாட்டேன், அவ்வளவுதான். இவரு கொண்டாந்த கார்டுக்கு வழியே தெரியல. எப்ப முடியும்னு கேட்டா முடியும் முடியும்பாரு." மாதப்பன் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா போன வருசம் நான் பண்ணதும் தப்புதாங்க. கடன் வேணாம்னு மாட்ட வித்தேன். வித்ததோட பாலும் போச்சு. மாசம் அஞ்சாயிரம் வந்துக்கிட்டிருந்துச்சு. தேதி தெரிஞ்ச கடன் ஒண்ணு வாங்கியிருந்தா பால வித்தே கட்டியிருப்பேன், மாடும் கொட்டாயில நின்னிருக்கும். வீம்புக்கு வித்துப்புட்டேன்."

கடன் வேண்டாம் என்பவர்களிடம் கடனின் நன்மைகளை எடுத்துச் சொல்ல நமக்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள், நீங்களும் அதில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பயிற்சி எதுவும் அன்று தேவைப்படவில்லை. அவர் தன் வாயாலேயே இரண்டு பக்கத்தையும் பேசி முடித்துவிட்டார்.

"அந்தத் தேதிய ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. தமிழ்ல. கீழ உங்க கையெழுத்தும் போடுங்க."

வங்கியின் முத்திரையோடு அப்படி எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை. வெறும் வெள்ளைத் தாளில் எழுதினேன். 'மாதாமாதம் தவறாமல் கட்டிவந்தால் இந்தக் கடன் ஜூலை ஐந்தாம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு ரூபாயும் பாக்கி இல்லை.' எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன். 'தவறாமல் கட்டிவந்தால்' என்ற இடத்தில் மட்டும் பச்சையம்மாள் முதன்முறையாகச் சிரித்தார்.

"அதுல இவரு புலிங்க. எதக் கட்டணும்னு மட்டும் யாராச்சும் சரியாச் சொல்லணும்."

அன்று விட்டுப்போன கார்டை மாதப்பன் மேசையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். கத்தரிக்கோலால் நாலாக வெட்டினேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கல்லூரியின் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ரசீது எண்ணை அவருக்குப் போனில் சொன்னபோது, வண்டி தொடர்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை சொல்லவைத்து எழுதிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. முழு வட்டியையும் திருப்பித் தரவில்லை. பதினெட்டாயிரம் ரூபாய் திருப்பித் தந்தார்கள். அதே வாரம் என் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது. வாடிக்கையாளருக்கு விவரம் சொல்லும்போது உரிய கவனம் செலுத்தத் தவறியதற்காக எச்சரிக்கப்படுகிறீர்கள் என்று. வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் கடிதத்தில் இருந்தது அத்தனையும் உண்மை, அதனால் அதோடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. கோப்பில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பதினெட்டாயிரத்தைக் கடனில் வரவு வைத்ததும் முடிகிற தேதி நாலு மாதம் முன்னால் வந்தது. பச்சையம்மாளுக்குப் போன் செய்து, "மார்ச் அஞ்சாம் தேதியே முடிஞ்சிரும்ங்க," என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தச் சீட்ட மாத்தி எழுதிக் குடுங்க," என்றார். அடுத்த சந்தை நாளன்று பழைய தாளோடு வந்து மாற்றி வாங்கிக்கொண்டு போனார்.

மீதி இருந்த மாதங்களில் நான் விற்ற கார்டுகள் குறைவு. இலக்கைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் என் பெயர் வாசிக்கப்பட்டது. பில் வந்ததும் போன் செய்கிறவர்களிடம், "மேல இருக்கிற பெரிய நம்பரைக் கட்டுங்க. அதைக் கட்ட முடியலைன்னா கீழ இருக்கிறதைக் கட்டிட்டு உடனே இங்க வாங்க, பேசலாம்," என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு வாக்கியம்தான் கூடுதல். மேசைக்கு முன் எவ்வளவு கூட்டம் நின்றாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு நேரம் இருக்கிறது என்பதை நான் ஓய்வு பெறப்போகிற வருடத்தில்தான் கண்டுபிடித்தேன்.

கார்டு நல்லதா, கடனே இல்லாமல் வாழ்வது நல்லதா என்று என்னை இப்போதும் கேட்பவர்கள் உண்டு. நான் இன்றைக்கும் கார்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கும் பெரிய தொகையைத்தான் கட்டுகிறேன். உப்பில்லாமல் தின்றுகொள்வோம் என்கிற வீட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கொஞ்சம் பொறாமைதான் வருகிறது. எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. எந்த வாடிக்கையாளர் எந்த ரகம் என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். முடியும் தேதியைக் கேட்கிறவருக்குத் தேதியைச் சொல்லுங்கள். கேட்கத் தெரியாதவருக்கும் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, பென்னாகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் கிடைக்கவில்லை. ஏரியூர் வண்டி நின்றிருந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் நிலையம் தாண்டியபிறகுதான் கண்டக்டரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"மேடம்! நல்லா இருக்கீங்களா? மார்ச் அஞ்சாந்தேதி முடிஞ்சுதுங்க. எங்க வூட்டுக்காரி பேங்குல போயி பாக்கி இல்லைன்னு சீட்டு வாங்கியாந்துட்டா. நீங்க எழுதிக் குடுத்தத அதோட சேத்துப் பொட்டியில வெச்சிருக்கா."

"மகள் எப்படி இருக்குது?"

"ஓசூருல பெரிய ஆஸ்பத்திரிங்க. அதுவே கார்டு வாங்கிருச்சு." சிரித்தார். "அவங்கம்மாவுக்குப் புடிக்கல. ஆனா மாசம் பொறந்தா அவளே போன் போட்டு, பெரிய நம்பரக் கட்டுனியாடின்னு கேக்கறா. கட்டிட்டேம்மான்னு அது சொன்னாத்தான் சோறு எறங்குது. போன தைக்கு ஒரு மாடும் வாங்கியாச்சுங்க."

வண்டி நிறைந்திருந்தது. பின்னாலிருந்து யாரோ டிக்கெட் கேட்டார்கள். நான் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தேன். இரண்டு ரூபாய் குறைந்தது. இருக்கிற மற்றதெல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். கைப்பையின் அடியில் விரலை விட்டுத் துழாவினேன். சாவி, மாத்திரை அட்டை, பழைய ரசீது, எல்லாம் வந்தன. நாணயம் மட்டும் வரவில்லை.

மாதப்பன் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்.

"போதுங்க மேடம்," என்றார்.

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் சட்டை ஜோபியிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தோல்பையில் போட்டுவிட்டு, டிக்கெட் டிக்கெட் என்று பின்னால் நகர்ந்துவிட்டார்.